அப்பா சிரிக்கும் இடம்

உங்கள் வீட்டிலும் நீண்ட ஒலிப்பதிவு ஒன்று இருக்கக்கூடும். மறைந்த என் தகப்பனார் ஊரைவிட்டுத் தாராவிக்கு வந்த கதையைச் சொல்ல, நாங்கள் பதிந்துவைத்த 3 மணி நேர எம்பி3 கோப்பு எங்களிடம் உண்டு. ஏறத்தாழ 2 மணி 10 நிமிடத்தில் அவர்கள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அதைக் கேட்கவே அம்மா கணினியண்டை வந்து அமருவார்கள். நான் பட்டையை அங்கே நகர்த்தினால் கணினி வெகுநேரம் திகைத்து நிற்கும். பின்பு வேறெங்கோ போய் விழும். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள்.

பழைய கணினியைத்தான் குறைகூறினேன். பென் டிரைவிலிருந்து வன்தட்டுக்கு நகலெடுத்தேன். தாமதம் சற்றுக் குறைந்தது, இடமோ தவறிக்கொண்டேயிருந்தது. காரணம் கோப்பிலேயே இருந்தது. எம்பி3 என்பது ‘ஃபிரேம்’ எனும் சிறு துண்டுகளின் வரிசை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 26 மில்லி வினாடி. 3 மணி நேரத்துக்கு 4 இலட்சத்துக்கும் மேல். பிட் வீதம் மாறிக்கொண்டிருக்கும் பதிவில் துண்டுகளின் அளவும் மாறும். தொடக்கத்தில் ‘ஸிங்’ தலைப்பு என்னும் அட்டவணை இல்லாவிட்டால், இயக்கும் மென்பொருள் தோராயமாகத் தாவவேண்டும். அல்லது முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வரவேண்டும்.

ஃபூபார்2000 மென்பொருளில் இத்தலைப்பைச் சரிசெய்யும் வசதி உண்டு. (மூலத்துக்கு ஒரு நகல் எடுத்துவைத்த பின்பே தொடுங்கள்.) ஒலி மறுபடி சுருக்கப்படுவதில்லை, ஆகையால் குரல் கெடாது. ஆனாலும் அவ்வட்டவணையில் 100 குறிகளே. எங்கள் கோப்பில் ஒன்றுக்கொன்று 108 வினாடி தூரம். எனவே எம்பி3டைரக்ட்கட் கொண்டு அந்த 4 நிமிடத்தைத் தனியே வெட்டியெடுத்தேன்.

நேற்று மாலை அம்மா மூன்று முறை கேட்டார்கள். நான்காம் முறை தாமே சுட்டியைப் பிடித்தார்கள்.