தளரும் சங்கிலி

நாயைக் கட்டி வளர்ப்பது வேறு. பழக்கி வளர்ப்பது வேறு. கட்டுவதற்குக் கயிறு போதும். பழக்குவதற்கோ கயிற்றைப் பிடிப்பவரும் பழகியிருத்தல் வேண்டும். இவ்வுண்மையைக் கடந்த விடுமுறையில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவில், வீமன் என்னும் நாயிடம் நான் கற்றுக்கொண்டேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

வீமனுக்கு இரண்டு வயது. வீட்டாரிடம் பசுவைப் போலச் சாதுவானவன். ஒழுங்கையில் சைக்கிள் ஒன்றைக் கண்டுவிட்டாலோ படலையைத் தாண்டிப் பாய்ந்துவிடுவான். ஒருநாள் தோட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர், அவன் துரத்தியதில் நிலைதடுமாறி விழுந்து முழங்காலில் காயப்பட்டார். அன்று மாலை அப்பா அதிகம் பேசவில்லை. "நீ திரும்பிப் போறதுக்கிடையிலை இவனைத் திருத்தப் பார். இல்லாட்டி வன்னியிலை வயற்காவலுக்கு நாய் கேக்கிற ஆக்களிட்டைக் குடுத்துவிடுவம்" என்று மட்டும் சொன்னார்.

திருத்திவிடலாம் என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. கல்வி உளவியலை ஒரு பாடமாகக் கற்றிருந்தேன். தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் பூனைகளைக் கூண்டிலிட்டுச் செய்த பரிசோதனைகளை 1898 இல் வெளியிட்டதும், 1911 இல் 'விளைவு விதி'யை வகுத்துரைத்ததும் பரீட்சைக்காக மனனஞ்செய்தவை. இன்பம் தரும் செயல் நிலைபெறும். துன்பம் தரும் செயல் மறையும். வீமனின் ஓட்டத்துக்கு ஒரு துன்பத்தை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என எண்ணினேன். மறுநாளே நகருக்குச் சென்று, நாய் பழக்கும் சங்கிலி ஒன்றை வாங்கி வந்தேன்.

அது எளிமையான பொருள். இரு நுனிகளிலும் வளையமுள்ள இரும்புச் சங்கிலி. ஒரு வளையத்தினூடாகச் சங்கிலியையே நுழைத்தால் சுருக்கு உண்டாகிறது. மற்றைய வளையத்தில் பிடிவாரைக் கொளுவ வேண்டும். வாரை இழுத்தால் சுருக்கு இறுகும், விட்டால் தளரும். இவ்வளவுதான் என எண்ணி வீமனின் கழுத்தில் மாட்டினேன். சைக்கிள் வரும்போதெல்லாம் இழுத்தேன். அவன் திமிறினான்; இன்னும் பலமாக இழுத்தேன். நான்காம் நாள் அவன் இருமத் தொடங்கினான். ஐந்தாம் நாள் சங்கிலியின் ஓசை கேட்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அன்று மாலை வெறுங்கையோடு அழைத்தேன். வயிற்றை நிலத்தோடு தேய்த்தபடி ஊர்ந்து வந்தவன், என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டான். சைக்கிளைக் கண்டால் பாயும் குணமோ சிறிதும் குறையவில்லை.

எங்கள் ஒழுங்கையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண்டியிலுள்ள பொலிஸ் நாய்கள் பிரிவில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு மேலால் ஒருநாள் எட்டிப் பார்த்தவர், "பிள்ளை, சங்கிலியை மறுவளமாயெல்லோ போட்டிருக்கிறீர். இது இறுகும், இளகாது" என்றார்.

பின்னர் வளவுக்குள் வந்து விளக்கினார். நாய் நமது இடப்பக்கத்தில் நடப்பதே பயிற்சியில் வழக்கம். ஆகவே நாயை எதிர்நோக்கி நின்று சுருக்கைப் பிடிக்கும்போது, அது ஆங்கிலத்துப் 'பீ' எழுத்தைப் போலத் தோன்ற வேண்டும். 9 என்னும் இலக்கத்தைப் போலத் தோன்றினால் பிழை. சரியாக அணிவித்தால், வாரோடு இணையும் சங்கிலித் துண்டு கழுத்தின் மேலாக வந்து வளையத்தினூடாகச் செல்லும். கையைத் தளர்த்தியதும் தன் பாரத்தினாலேயே வழுக்கி இறங்கிச் சுருக்கை விரியச் செய்யும். மாறி அணிவித்தால் அத்துண்டு கழுத்தின் கீழாக வரும், வளையம் சிக்கிக்கொள்ளும், கை தளர்ந்தாலும் கழுத்துத் தளராது.

சங்கிலியின் நீளம் கழுத்தின் சுற்றளவிலும் இரண்டு அங்குலமளவே கூடியிருக்க வேண்டும் என்றார். பயிற்சி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். வேலிக் கதியாலில் கொளுவிக்கொண்டால் உயிரே போய்விடும். குட்டிகளுக்கு இதை அணிவித்தல் ஆகாது. நடக்கையில் வார் தொய்ந்தே இருக்க வேண்டும். நாய் முந்தும் கணத்தில் ஒரு சுண்டு, அக்கணமே விடுதலை, பக்கத்துக்கு வந்ததும் ஒரு நல்ல வார்த்தை. இறுதியாக அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "இழுப்பிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. விடுறதிலைதான் நாய் படிக்கிறது."

ஐந்து நாள்களாக வீமனுக்கு அந்த விடுதலை கிடைக்கவேயில்லை. அவன் பாய்ந்தபோதும் கழுத்து இறுகியது; பணிந்து நின்றபோதும் இறுகியே இருந்தது. எது சரி, எது பிழை என்பதை அவன் எவ்வாறு அறிவான்? அறிந்ததெல்லாம் ஒன்றே: இக்கையின் அருகே நின்றால் மூச்சு முட்டும்.

சங்கிலியைச் சரியான முறையில் அணிவித்துப் பார்த்தேன். பயன் இல்லை. சங்கிலி தளர்ந்தது, நாய் தளரவில்லை. அப்போதுதான் பாடப்புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பரீட்சைக்கு வேண்டிய பக்கத்துக்கு அப்பால் நான் படித்திருக்கவில்லை. தம் விதியின் ஒரு பாதியைத் தோண்டைக்கே 1932 இல் திருத்தியிருந்தார். பரிசு பிணைப்பை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதனை நலிவுறச் செய்வதில்லை என்பது அவருடைய பிற்கால முடிவு. அறிஞர் கைவிட்ட பாதியைத்தான் நான் நாயின் கழுத்தில் மாட்டியிருந்தேன்.

இன்று இத்துறையார் மேலும் தெளிவாகவே பேசுகின்றனர். கழுத்துப்பட்டி இழுபடும்போது நாயின் கண்ணின் உள்ளழுத்தம் உயர்கிறது என்றும், மார்புவாரில் அவ்வாறு நேரவில்லை என்றும் 2006 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம், பரிசளித்துப் பழக்கும் முறைகளையே கையாளுமாறு 2021 இல் பரிந்துரைத்தது. பெரியவரின் கலையை இவை பொய்யாக்கிவிட்டன என நான் சொல்ல மாட்டேன். விடும் கணத்தை அறிந்த கைகள் அவருடையவை. ஆனால் அத்தகைய கைகள் அரியவை. சங்கிலியோ கடையில் எவருக்கும் கிடைக்கிறது.

எஞ்சியது மூன்று வாரம். சங்கிலியைக் கழற்றிவிட்டு மார்புவாரை வாங்கினேன். தம்பி சைக்கிளில் முப்பது யார் தூரத்தில் மெல்லச் செல்வான். வீமன் அதைப் பார்த்து அமைதியாக நிற்கும் கணத்தில் ஒரு துண்டு கருவாடு கொடுப்பேன். பாய முயன்றால் தூரத்தைக் கூட்டுவோம், அமைதியாயிருந்தால் குறைப்போம். முதல் இரண்டு நாள் கருவாட்டை நிலத்தில் வைத்து விலகி நின்றால்தான் எடுத்தான். மூன்றாம் நாள் என் கையிலிருந்து எடுத்தான். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் எனக்குத் தந்ததில்லை.

விடுமுறை முடியும்போது பத்து யார் தூரத்தில் சைக்கிள் போனால் வீமன் குந்தியிருந்து என் முகத்தைப் பார்ப்பான். முற்றாகத் திருந்திவிட்டான் என்பதற்கில்லை. படலை பூட்டியே இருக்கிறது. எனினும் அப்பா வன்னிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நான் பேராதனைக்குப் புறப்பட்ட காலையில் அப்பா படலையைத் திறந்தார். பூட்டுச் சங்கிலி கலகலத்தது. என் பயணப் பையருகே படுத்திருந்த வீமன் சட்டென எழுந்து தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போனான். நான் பெயர் சொல்லி அழைத்தேன். சற்றுத் தாமதித்தே வந்தான்.