கல்லில்லாத மண்ணிலிருந்து கற்குவியல் தீவுக்கு

காவிரியின் கடைமடையில் அமைந்த அம்பகரத்தூரில் நிலம் என்பது ஆறு கொண்டுவந்து கொடுத்தது. காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றியுள்ள வயல்களில் ஏர்முனை பாறையில் இடறுவதில்லை. வண்டலும் களியும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த இந்நிலத்தில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கோயில் தூணுக்கும் வேண்டிய கல் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட மண்ணில் உழுது பழகிய காரைக்கால் வட்டாரத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றப்பட்டு, கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு வழிந்து வழிந்து உயர்ந்த ஒரு தீவில் கரும்பு நடுவதற்காக இறக்கப்பட்டனர். அவர்கள் பாடுபட்ட கரும்புக் கொல்லைகளின் வழியாக இன்று சுற்றுலாப் பயணிகள் பக்கி வண்டிகளை ஓட்டிச் செல்கின்றனர் என்னும்போது, அந்தப் பயணத்தைக் காரைக்கால் நாட்டார் தம் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

அத்தீவு ரெயூனியன். மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் இது, முன்பு புர்போன் தீவு என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்து, 1946 முதல் பிரான்சு நாட்டின் மாகாணங்களுள் ஒன்றாக விளங்குகிறது. தீவு முழுவதும் இரண்டு எரிமலைகளால் ஆனது: 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் நெடுங்காலமாக அடங்கிக் கிடக்க, தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் ஒன்றாக இன்றும் கனன்றுகொண்டிருக்கிறது. இவ்விரண்டிற்கும் அடியில், புவியின் உட்பகுதியிலிருந்து வெப்பம் மேலெழும் இடம் ஒன்று இருக்கிறது. இதனை நிலவியலார் வெப்பப்புள்ளி என்பர். புவியோட்டின் தட்டுகள் அதன் மேலாக நகர்ந்து செல்லச் செல்ல, அது மட்டும் பெரும்பாலும் தன்னிடத்திலேயே நின்று, மேலே வரும் தட்டைத் துளைத்துக் குழம்பைக் கக்குகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்தியத் தட்டு அதன்மேல் வந்தபோது, தக்காண பீடபூமியின் பரந்த எரிமலைப் பாறை அடுக்குகள் உருவாயின. பின்னர் மாலத்தீவுத் தொடருக்கும் மொரீசியசுக்கும் அடித்தளம் இட்டதும் அதே வெப்பப்புள்ளிதான் என்பது பெரும்பாலான நிலவியலார் ஏற்கும் கருத்து. மகாராட்டிரத்தின் கரிசல் மண்ணுக்கும் ரெயூனியனின் நேற்றைய குழம்பிற்கும் மூலம் ஒன்றே என்ற இச்செய்தி, அத்தீவை அயலிடமாக எண்ணிச் செல்லும் இந்தியப் பயணியின் நினைப்பைக் கொஞ்சமாவது மாற்ற வேண்டும்.

பக்கி என்பது இரும்புக் குழாய்களால் பின்னிய கூண்டுக்குள் இரண்டு அல்லது நான்கு இருக்கைகள் அமைந்த, கதவும் கண்ணாடியும் பெரிதும் இல்லாத, நான்கு சக்கர வண்டி. அதன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் வெகுவாக ஏறி இறங்கும்படி நீண்ட தொங்கமைப்பு பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறியிருக்க மற்றொன்று பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி நிலத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். கியர் மாற்றும் வேலையைப் பெரும்பாலான வண்டிகளில் ரப்பர் பட்டை ஒன்றே பார்த்துக்கொள்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வேகமின்றி நெடுநேரம் முடுக்கினால் அப்பட்டை சூடேறிக் கருகும் என்பதால், ஏற்றத்தில் எந்த இடத்தில் முடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிடுவார். தோள்களிலும் இடுப்பிலும் பூட்டும் பட்டை, தலைக்கவசம், புழுதிக் கண்ணாடி ஆகியவற்றுடன் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்வண்டியின் புழுதி அடங்கும் இடைவெளி விட்டு நகரும். வழிகாட்டியின் வண்டியை முந்துவதற்கு இடமில்லை. கூண்டிற்கு வெளியே கையை நீட்டாதிருப்பது எல்லா விதிகளிலும் முதலாவது. வண்டி உருண்டால் இயல்பாகவே கை வெளியே ஊன்றப் போகும் என்பதும், அப்போது கூண்டின் எடை முழுவதும் அக்கையின்மேல் விழும் என்பதும் அதற்குக் காரணம்.

இத்தகைய வண்டி எரிமலையின்மேலேயே ஏறிச் செல்லும் என்று எண்ணுவது தவறு. பொதுப் போக்குவரத்திற்குத் திறந்துள்ள சாலைகளையும் தடங்களையும் விட்டு விலகி இயற்கை நிலத்தில் மோட்டார் வண்டிகள் ஓடுவதை 1991 சனவரியில் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம் தடைசெய்கிறது. இதற்கு மேலாக, 2007இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவின் நடுப்பகுதியின் மலைமுடிகளும் பள்ளத்தாக்குகளும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே பக்கிப் பயணங்கள் பெரும்பாலும் மலையின் தாழ்ந்த சரிவுகளில், கரும்புக் கொல்லைகளின் ஊடேயும் காட்டோரத் தடங்களிலும் நடக்கின்றன. இக்கட்டுப்பாடு பயணத்தின் சுவையைக் குறைப்பதாகச் சிலர் கருதலாம். உண்மையில் இதுவே பயணத்தைச் சரியான இடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எரிமலையின் உச்சி எவருக்கும் உரியதன்று. ஆனால் கரும்புத் தடங்கள் மனிதர் கையால் ஆனவை, அக்கைகளில் காரைக்கால் கைகளும் உண்டு.

1848 திசம்பர் 20 அன்று ரெயூனியனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலையைத் துறந்தனர். ஆலை முதலாளிகள் அதற்கு முன்பே, 1828 முதல் சிறிய அளவில் தொடங்கியிருந்த இந்தியத் தொழிலாளர் இறக்குமதியை இப்போது பெருக்கினர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த இவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்பர். புதுச்சேரி, காரைக்கால் ஆகிய பிரெஞ்சுத் துறைகளில் கப்பலேறிய போதிலும் இவர்களில் பலர் பிரித்தானிய ஆட்சிப் பகுதியான தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள். இதனால் எழுந்த பூசலைத் தீர்க்க 1860இலும் 1861இலும் இரு அரசுகளும் உடன்படிக்கைகள் செய்துகொண்டன. நடைமுறையில் கொடுமைகள் தீராததால் 1882இல் பிரித்தானிய இந்திய அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அத்தீவில் இறங்கிவிட்டனர்.

அவர்கள் எதிர்கொண்ட நிலத்தைப் பக்கியில் அமர்ந்தபடியே காணலாம். குழம்பு உறைந்து பாறையாகி, பாறை மழையாலும் வெயிலாலும் மெல்ல மெல்லச் சிதைந்து மண்ணான சரிவுகளில், சிதையாத துண்டுகள் தலையளவும் பானையளவுமாக மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். கரும்பு நடுவதற்கு முன் அவற்றைக் கடப்பாரையால் நெம்பி, சுமந்து, ஓரமாக அடுக்க வேண்டும். ஒரு முறை பொறுக்கியதோடு வேலை முடிவதில்லை, அடுத்த உழவில் கீழிருந்து வேறு கற்கள் மேலே வரும். அப்படிப் பொறுக்கியெடுத்த கற்களே இன்று கொல்லைகளின் நடுவே நீண்ட வரிசைகளாகவும் மதில்களாகவும் நிற்கின்றன. அண்டை நாடான மொரீசியசில் இக்குவியல்கள் சில இடங்களில் வீட்டுயரம் எட்டுகின்றன. பிற்காலத்தில் புல்டோசர்கள் வந்து பலவற்றைத் தள்ளி ஒதுக்கியபோதும், கையால் அடுக்கியதை இனங்காண்பது கடினமன்று: பெரிய கல்லை அடியில் இட்டு, இடுக்குகளைச் சிறு கல்லால் இறுக்கி, வரப்புக் கட்டிப் பழகியவர் செய்வதுபோல் ஓரம் நேராக எழுப்பப்பட்டிருக்கும். தடங்களின் அகலமும் அக்காலத்தது. வெட்டிய கரும்பை ஆலைக்கு ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகளுக்காக விடப்பட்ட வழிகளில்தான் பின்னர் டிராக்டர்களும், இப்போது பக்கிகளும் ஓடுகின்றன. அறுவடைக் காலமான சூலை முதல் திசம்பர் வரை, தீவில் எஞ்சியிருக்கும் இரு ஆலைகளான புவா ரூழுக்கும் லெ கோலுக்கும் கரும்பு செல்லும்போது, பக்கி ஒதுங்கி வழிவிட்டு நிற்க வேண்டும். அது முறையும்கூட.

எரிமலையைக் காண விரும்புவோர் வண்டியை மாற்றிக்கொண்டு, பூர் மூரா என்னும் மேட்டு ஊரிலிருந்து காட்டிலாகாச் சாலை வழியாகச் செல்ல வேண்டும். மரங்கள் குறைந்து புதர்களாகி, புதர்களும் ஒழிந்ததும் சாலை திடீரென ஒரு விளிம்பில் வந்து நிற்க, கீழே செம்பழுப்பு நிறத்தில் விரிவதே மணற்சமவெளி. இங்குள்ள கல்லொன்றைக் குனிந்து நோக்கினால் கருமையினூடே பச்சைப்பயற்று நொய்யைத் தூவியதுபோல் மணிகள் மின்னும். ஒலிவின் என்னும் இக்கனிமம் குழம்பு மேலேறி வரும்போதே, அது உறைவதற்கு முன்பே படிகமானது. 2,311 மீட்டர் உயரத்தில் உள்ள பா தெ பெல்கோம்பில் சாலை முடிகிறது. அங்கிருந்து செங்குத்தான பாறைச் சுவரில் வெட்டிய படிகளில் இறங்கினால், மலை உட்புறமாகச் சரிந்து உண்டான பெருங்குழிக்குள் நடக்கலாம். இவ்வாறு சரிந்த குழியைக் கால்டெரா என்பர். படிகளின் தலைப்பில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. 1977 வெடிப்பிற்குப் பின் பூர் மூராவில் நிறுவப்பட்ட கண்காணிப்பு நிலையத்தின் கருவிகள் நிலத்தின் நடுக்கத்தையும் மலையின் வீக்கத்தையும் அளந்து எச்சரித்தவுடன், அரசு அக்கதவைப் பூட்டிவிடும்.

அந்த 1977 வெடிப்பு இம்மலையின் வழக்கத்தை மீறியது. குழம்பு பொதுவாகக் கால்டெராவிற்குள் வழிந்து ஆளில்லாத கிழக்குச் சரிவில் கடலை நோக்கி இறங்கும். அவ்வாண்டு ஏப்ரலில் அதற்கு வெளியே பிளவு திறந்து, அதிலிருந்து வழிந்த குழம்பு பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் ஊருக்குள் புகுந்து, வீடுகளை அழித்து, தேவாலயத்தின் வாயிலில் வந்து பிரிந்து இருபுறமும் ஒதுங்கியது. குழம்புகளின் அன்னை என்று இன்று வழங்கும் அக்கோயிலின் சுவரை ஒட்டியே உறைந்த பாறை நிற்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து 2007 ஏப்ரலில் குழம்பு ஆறாக ஓடிக் கடற்கரைச் சாலையைத் துண்டித்து, கடலுக்குள் புதிய நிலத்தையே சேர்த்தது; உச்சியில் உள்ள தொலோமியெ வாய் அதே நாட்களில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்திற்கு உள்வாங்கிச் சரிந்தது. கிரான் புரூலெ எனப்படும் இக்கிழக்குச் சரிவில் சாலையோரம் இறங்கி நடப்பவர் இருவகைப் பாறைகளைக் காண்பர்: கயிற்றை முறுக்கிப் போட்டதுபோல் வழவழப்பாக உறைந்தது ஒன்று, உடைந்து நொறுங்கி, செருப்பைக் கிழிக்கும் முனைகளுடன் கிடக்கும் கிராத்தோன் மற்றொன்று. இரண்டின்மீதும் சில ஆண்டுகளிலேயே வெண்சாம்பல் நிறக் கற்பாசி படர்கிறது. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் அச்சிற்றுயிரை அடுத்துப் பெரணியும், பெரணியை அடுத்துப் புதரும் மரமும் வருகின்றன. அம்பகரத்தூருக்கு ஆறு சுமந்து வந்து கொடுத்த மண்ணை, இங்கே கற்பாசி பாறையை அரித்து அரித்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. சக்கரம் ஒருமுறை ஏறி நசுக்கினால் அவ்வேலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1991ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

கரும்புக் கொல்லைக்கு வந்தவர்கள் தம் தெய்வங்களையும் உடன் கொண்டு வந்தனர். எருமை உருவெடுத்த அசுரனை அம்மன் அழித்த தலமாகப் போற்றப்படுவது அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயில். மகிஷ சம்ஹார நினைவுப் பெருவிழா அங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. ரெயூனியனிலோ காளிக்கும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் ஆலைகளை ஒட்டியே சிறு கோயில்கள் எழுந்தன. ஆடும் சேவலும் பலியிடும் வழக்கம் அங்கு இன்றும் தொடர்கிறது. பாஞ்சாலிக்காகத் தீமிதி நடக்கிறது. தமிழ் பேசும் வழக்கு பெரும்பாலும் மறைந்து கிரியோல் மொழி வீட்டுமொழியான பிறகும், மலபார் என்று அங்கே அழைக்கப்படும் இம்மக்களிடம் வழிபாட்டின் முறைகள் நிலைத்துவிட்டன. கரும்புத் தடத்தில் பக்கியை ஓட்டிச் செல்பவர், மஞ்சளும் சிவப்பும் பூசிய சிறு கோயிலொன்றைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது புழுதிக்காக மட்டும் சொல்லப்படுவதன்று.

1962இல் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் காரைக்காலில் பல. பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் விடுமுறைக்கு ரெயூனியன் செல்லும் அக்குடும்பத்துப் பிள்ளைகள் பக்கிப் பயணத்திற்குப் பதிவு செய்யும்போது, வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கொல்லைக்கு நடுவே நிற்கும் கல்வரிசைகளுள் ஒன்றில் வண்டியை நிறுத்தி, அதை அடுக்கியவர்கள் யார் என்று சொல்ல வேண்டும் என்பதே அது. எத்தனை முறை மலை வெடித்தது, குழம்பின் வெப்பம் எவ்வளவு என்பதைச் சொல்லும் விளக்கம், அந்தப் பாறையை நிலமாக்கியவர்களை விட்டுவிடுமானால், தீவின் வரலாற்றில் பாதியே சொல்லப்பட்டதாகும். வழிகாட்டிகளில் பலர் தீவில் பிறந்து வளர்ந்தவர்கள், கேட்டால் சொல்லக்கூடியவர்கள். வண்டியைத் திருப்பி ஒப்படைத்த பின் நேரம் இருப்பவர்கள், தலைநகர் சேன் தெனிக்கும் லா பொசேசியோனுக்கும் இடையில் கடலை ஒட்டியுள்ள கிராந்த் ஷலூப்புக்குச் செல்லலாம். கப்பலிலிருந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளை நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த தனிமைக் கட்டடங்கள் அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுபார்க்கப்பட்டுப் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது.