காய் காத்திருந்தால் எண்ணெய் கெடும்

ஸ்பெயினின் தெற்கே ஹயேன் மாகாணத்தில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் ஆலிவ் மரங்கள்தான் தெரியும். மொத்தம் 6 கோடிக்கும் மேல் என்கிறார்கள். அங்கே உபேதா என்ற பழைய ஊரில் ஆலிவுக்கும் அதன் எண்ணெய்க்குமாக ஒரு காட்சியகம் இருக்கிறது. எண்ணெயைச் சுவைத்துப் பார்க்க ஓர் அறையும், வாங்க ஒரு கடையும் அதற்குள்ளேயே உண்டு.

பழைய ஆலையில் கூம்பு வடிவக் கற்கள் வட்ட மேடைமேல் உருண்டு காயைக் கொட்டையோடு நசுக்கும். சுற்றி இழுப்பது கோவேறு கழுதை. செக்கைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதுவரை விளக்கமே தேவையில்லை. அடுத்த வேலைதான் புதிது. நசுங்கிய கூழை, எஸ்பார்த்தோ என்ற புல்லில் பின்னிய வட்டத் தட்டிகளில் பரப்பி அடுக்குவார்கள். அடுக்கின் மேல் நீளமான மரத்துலா இறங்கும். அதன் மறுமுனையில் பெருங்கல் தொங்கும். வழிகிற சாற்றில் எண்ணெய் மேலே மிதக்க, கருந்தண்ணீர் கீழே தங்கும். இன்று அந்த வேலையை எஃகு இயந்திரம் சுழற்றியே முடித்துவிடுகிறது.

வருகிறவர்கள் எல்லாம் துலாவைப் பார்த்துத்தான் வாய் பிளக்கிறார்கள். விவசாயி கவனிக்க வேண்டியது வேறு: காயைக் குவித்துவைத்த தொட்டி. துரோஹே என்பது அதன் பெயர். அறுவடை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வரும். ஆலையோ மெதுவாக ஓடும். முறை வரும்வரை ஒவ்வொரு வீட்டுக் காயும் அதில் நாள்கணக்கில் கிடந்து சூடேறிப் புளிக்கும். அந்த வாடை எண்ணெயிலும் இறங்கும். அத்ரோஹாதோ என்று சுவை வல்லுநர்கள் இன்றைக்கும் குறிப்பிடும் குறை, இந்தத் தொட்டியின் பெயரிலிருந்து வந்ததுதான். பல தலைமுறைகள் அந்த எண்ணெயைச் சாப்பிட்டே பழகியதால், வயதானவர்கள் பலருக்கு அதுதான் எண்ணெயின் இயல்பான மணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு எண்ணெய் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை.

சுவைக்கும் கிண்ணம் நீல நிறம். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக அப்படி. கிண்ணத்தை மூடி, உள்ளங்கைச் சூட்டில் 28 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி முகர வேண்டும். பிறகு ஒரு மிடறு எடுத்து, வாய்வழியே காற்றையும் சேர்த்து உறிஞ்ச வேண்டும். நல்ல எண்ணெயில் வெட்டிய புல், தக்காளி இலை வாசம் வரும். நாக்கில் கசக்கும். தொண்டையில் மிளகு போல உறைத்து இருமல்கூட வரும். புதிதாகச் சுவைப்பவர் கெட்டுப்போன எண்ணெய் என்று முகம் சுளிப்பார். உண்மை நேர்மாறானது. கசப்பும் காரமும் காயில் உள்ள பாலிபீனால்களின் அடையாளம். எண்ணெயில் சீக்கிரம் சிக்கு வாடை ஏறாமல் காப்பவை அவையே. அந்த வட்டாரத்தின் பிக்குவால் ரகத்தில் அவை மிகுதி.

எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று விற்க, அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. சுவையிலும் குறை இருக்கக் கூடாது. 2 சதவிகிதத்துக்கு மேல் போனால் லம்பாந்தே. பெயரிலேயே விளக்கு இருக்கிறது. சுத்திகரிக்காமல் சாப்பிட விற்க முடியாது.

முன்பெல்லாம் டிசம்பர் 8, மாதா திருநாளுக்குப் பிறகுதான் அறுவடை தொடங்கும். இப்போது சிலர் அக்டோபரிலேயே பச்சைக் காயைப் பறித்து அன்றே ஆலைக்கு அனுப்புகிறார்கள். மணமும் காரமும் கூடும், எண்ணெய் அளவு குறையும். சிறு விவசாயிக்குச் சிக்கலே இங்குதான். கூட்டுறவு ஆலைகளிலிருந்து பெரும்பகுதி எண்ணெய் டேங்கரில் மொத்தமாகப் போய் வேறொருவர் பெயரில் பாட்டிலாகிறது. அந்த வழியில் விற்கும்வரை, முன்கூட்டிப் பறிப்பது அவருக்கு நஷ்டம். ஊர்ப் பெயரோடு, பறித்த பருவத்தையும் எழுதிப் பாட்டிலில் அடைத்தால்தான் இழந்த அளவை விலையில் பிடிக்க முடியும்.

கடை அலமாரியில் அப்படிப்பட்ட பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. வெளிச்சம் பட்டாலும் எண்ணெய் கெடும் என்பதால் நல்ல எண்ணெய் கருங்கண்ணாடியில்தான் இருக்கும். சுவைத்துவிட்டு வந்தவர்கள் இருமிக்கொண்டே பாட்டிலைத் திருப்பி, எப்போது பறித்தது என்று தேடுகிறார்கள்.