சம்பல் ஆறும் அதன் முதலைக் குஞ்சுகளும்

மத்தியப் பிரதேசத்தில் மோவ் நகரை அடுத்த ஜானாபாவ் குன்றில் தோன்றும் சம்பல் ஆறு, விந்திய மலையின் வடசரிவில் இறங்கி, மாளவப் பீடபூமியைக் கடந்து, இராஜஸ்தானுக்குள் புகுந்து, பின்பு அவ்விரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடி, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா வட்டாரத்தில் யமுனையோடு கலக்கும்போது ஏறத்தாழ 960 கிலோமீட்டர் தொலைவு கடந்திருக்கும். வட இந்தியாவில் கரியால் எனப்படும் சொம்புமூக்கு முதலைகளுள் உலகில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த ஆற்றில்தான் வாழ்கின்றன. மீனையே பெரிதும் உண்ணும் இம்முதலை ஆண்டுதோறும் இங்கே ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தும் அழிவின் விளிம்பை விட்டு அகலாதிருப்பதன் காரணத்தை ஆற்றின் போக்கிலேயே தேட வேண்டும்.

மேற்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனினும் கீழே நிகழ்வனவற்றுள் பாதி அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. 1960இல் கட்டி முடிக்கப்பட்ட காந்தி சாகர் அணை, அதற்குக் கீழே இராணா பிரதாப் சாகர், ஜவாகர் சாகர் அணைகள், இறுதியாகக் கோட்டா தடுப்பணை என நான்கு கட்டுமானங்கள் அடுத்தடுத்து நீரைத் தேக்கி, மின்சாரம் எடுத்து, இருபுறக் கால்வாய்களில் பாசனத்துக்குப் பிரித்துவிடுகின்றன. எனவே கோட்டாவைத் தாண்டிய சம்பல், கோடையில் மேலே மிஞ்சிய நீரையும் காளிசிந்து, பார்வதி, பனாஸ் முதலிய துணையாறுகளையும் நம்பியே ஓடுகிறது.

கோட்டாவுக்குக் கீழே கேசோராய்பாட்டனை ஒட்டித் தொடங்கும் தேசிய சம்பல் சரணாலயம் 1970களின் இறுதியில் மூன்று மாநிலங்களின் எல்லைக்குள்ளும் அறிவிக்கப்பட்டது. இங்கே ஆறு அகன்று, ஆழ்ந்த மடுக்களும் உயர்ந்த மணற்கரைகளும் மாறி மாறி வருகின்றன. கரியாலுக்கு இரண்டுமே வேண்டும். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் பெண் முதலைகள் இரவில் செங்குத்தான மணற்கரையில் ஏறிக் குழி தோண்டி, ஒவ்வொன்றும் பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது முட்டைகள் இட்டு மூடுகின்றன. நல்ல கரை ஒன்றில் பல பெண்கள் சேர்ந்தே கூடு வைப்பதுண்டு. முட்டையை அடைகாப்பது மணலின் வெப்பமே. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த வெப்பநிலையே முடிவு செய்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின், மே இறுதியிலோ ஜூனிலோ, முட்டைக்குள்ளிருந்து எழும் குஞ்சுகளின் குரலைக் கேட்டுத் தாய் மணலைத் தோண்டித் திறந்துவிட, ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள குஞ்சுகள் தாமாகவே நீருக்கு இறங்குகின்றன. பல கூடுகளின் குஞ்சுகள் கரையோர ஆழமற்ற நீரில் ஒன்றுகூடும் பெருங்கூட்டத்தைக் குஞ்சுக்குழாம் எனலாம். நூற்றுக்கணக்கில் திரளும் அக்குழாத்தைத் தாய்களும், மூக்கு நுனியில் சொம்பு போன்ற புடைப்பு கொண்ட பெரிய ஆண் ஒன்றும் காவல் காக்கின்றன. ஆணின் முதுகில் குஞ்சுகள் ஏறிக் கிடப்பதும் வழக்கம். ஊர்வனவற்றில் தந்தை இவ்வளவு பொறுப்பேற்பது அரிது.

இக்காவல் சில வாரங்களுக்கே பயன்படும். பொரிப்பதற்கு முன் நரியும் உடும்பும் காட்டுப்பன்றியும் நாயும் கூடுகளைத் தோண்டித் தின்கின்றன. பொரித்த பின் கொக்கு, நாரை, பெருமீன் ஆகியவை குஞ்சுகளைப் பிடிக்கின்றன. இவை எல்லாவற்றையும் விஞ்சுவது பருவமழை. கூடு தாமதமானால் வெள்ளம் முட்டைகளை மூழ்கடிக்கும் என்பதால் மழைக்கு முன்பே பொரித்தாக வேண்டும். அவ்வாறு பொரித்த குஞ்சுகளுக்கோ நீந்தவும் பூச்சியும் சிறுமீனும் பிடிக்கவும் பழகுவதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. ஜூலை, ஆகஸ்டில் ஆறு பல மீட்டர் உயர்ந்து பாயும்போது குழாம் சிதறுகிறது. ஓடைகளுக்குள் ஒதுங்கியவை சில பிழைக்க, மற்றவை அடித்துச் செல்லப்படுகின்றன. முதிர்ச்சியை எட்டுபவை நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஆண்டுதோறும் முட்டையிடக்கூடிய விலங்குக்கு இவ்விழப்பு இயல்பானதே. பெரிய முதலைகள் நிலைத்து வாழும் வரையில் கணக்கு சரிப்பட்டுவிடும்.

இந்தக் கணக்கு நீண்ட காலம் கவனிக்கப்படவில்லை. 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டம், ஆபத்தான தொடக்கப் பருவத்தைக் கடக்கச் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தில், முட்டைகளைச் சேகரித்து லக்னோவின் குக்ரைலிலும் மொரேனாவை அடுத்த தேவரியிலும் பொரிக்கவைத்து, குட்டிகள் ஏறத்தாழ 1.2 மீட்டர் வளர்ந்ததும் ஆற்றில் விடும் முறையைக் கைக்கொண்டது. இவ்வாறு பல ஆயிரம் குட்டிகள் விடப்பட்ட பின்பும், உலகளாவிய முதிர்ந்த கரியால்களின் மதிப்பீடு 1997இல் 436ஆக இருந்தது 2006இல் 182ஆகச் சரிந்தது. வளர்த்து விடப்பட்டவை வாழ்வதற்கு வேண்டிய மணலும் மடுவும் மீனும் குறைந்து, மீன் வலைகள் பெருகியிருந்தன என்பதே பொருத்தமான விளக்கம். மாமல்லபுரத்துக்கு அருகில் 1976இல் நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணை, பின்னாளில் சம்பலில் கரியால்களை அவற்றின் வாழிடத்திலேயே ஆராயும் பணியை மேற்கொண்டது, இந்த அனுபவத்துக்குப் பின் கவனம் கூண்டிலிருந்து ஆற்றுக்குத் திரும்பியதன் அடையாளம்.

மொரேனா, தோல்பூர்ப் பகுதிகளில், ஒருகாலத்தில் கொள்ளையரின் புகலிடமாகப் பேர்பெற்ற மண்ணரிப்புப் பள்ளங்களுக்கிடையே, மணல் திருட்டு கரைகளைத் தின்கிறது. இதனால் கரியால் மட்டும் துன்புறுவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை சிவக்கும் அரிய கூரை ஆமையும் இதே மணலில் முட்டையிடுகிறது. மேலலகைவிட நீண்ட கீழலகால் நீரைக் கிழித்து மீன் பிடிக்கும் ஸ்கிம்மர் பறவையோ ஆற்றிடைத் திட்டுகளில் கூடு வைக்கிறது. அணைகள் நீரை நிறுத்தும்போது திட்டுகள் கரையோடு இணைந்து நாய்களுக்கும் கால்நடைகளுக்கும் வழி விடுகின்றன. திடீரெனத் திறந்துவிடும்போது அதே திட்டுகள் முட்டைகளோடு மூழ்குகின்றன.

எட்டாவாவை நெருங்கும் கடைப்பகுதியில், 2007 டிசம்பர் முதல் 2008 தொடக்க மாதங்கள் வரை, நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் இறந்து மிதந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வெள்ளத்தையும் பறவைகளையும் தப்பிப் பல ஆண்டுகள் வளர்ந்த இளம் முதலைகள். சோதனையில் சிறுநீரகச் சிதைவும் யூரிக் அமிலப் படிவும் காணப்பட்டன. யமுனையிலிருந்து ஏறிவந்த மீன்களின் வழியே நஞ்சு சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் வலுவாக எழுந்ததே தவிர, காரணம் ஐயமற நிறுவப்படவில்லை. அதன் பின் சம்பலில் எண்ணிக்கை மீண்டு, அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் எல்லா வயதினரும் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. ஜூன் தோறும் இத்தனை குஞ்சுகள் பொரித்தன என்று செய்தி வெளியிடும் வனத்துறைகள், அடுத்த குளிர்காலக் கணக்கெடுப்பில் அவற்றுள் எத்தனை எஞ்சின என்பதையும் அதே முக்கியத்துவத்துடன் வெளியிட வேண்டும்.