ஏரி மீனும் ஆறு மாதப் பிள்ளையும்

கோலார் தங்கவயலுக்குக் கடல் கிடையாது. மீன் ஆசை மட்டும் உண்டு. வடஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் அந்த ஆசையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். லைன் வீடுகளில் அன்றாடத்துக்குக் கருவாடு, கையில் காசு இருந்தால் பேத்தமங்கலா ஏரி மீன்.

ஆனால் கைக்குழந்தைக்கு மீன் என்றால் வீடே தடுக்கும். "ஒரு வயசு ஆவட்டும்டி, இப்போ குடுத்தா மாந்தம் கட்டும்" என்பாள் பாட்டி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை மீன் வேண்டாம் என்று 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொன்னது. தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைகிறது என்பதற்குச் சான்றில்லை என்று 2008இல் மாற்றிக்கொண்டது. ஆறு மாதம் முடிந்து கஞ்சியும் பருப்புச் சோறும் இறங்கத் தொடங்கிய பிள்ளைக்கு மீனும் கொடுக்கலாம். கரப்பான் கடுமையாக உள்ள பிள்ளைக்கும், முன்பே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போன பிள்ளைக்கும் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

எனக்குப் பயமெல்லாம் முள்ளின் மேல்தான். ரோகு, கட்லாவின் சதைக்குள் இரண்டாகப் பிளந்த மயிர்முள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. விராலில் முள் குறைவு, விலைதான் அதிகம். உப்பு, மிளகாய் போடாமல் நன்றாக வேகவைத்து, விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்துக் குழைந்த சோற்றில் பிசைய வேண்டும். குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பது சரியில்லை. கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு.

கடல் மீன் இங்கே வந்துசேர நேரமாகும். வழியில் ஐஸ் குறைந்தால் சூரை, கானாங்கெளுத்தியில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சைனைடு மேட்டடிக் குட்டையில் பிடித்ததை நான் பூனைக்குக்கூடப் போட மாட்டேன்.

2001இல் சுரங்கம் மூடிய பிறகு எத்தனையோ தாய்மார் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பாட்டியிடம். அதனால் முதல் மீனை அம்மா வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை பகலில் கொடுங்கள். சுண்டுவிரல் நக அளவு போதும். அன்று வேறு புது உணவு வேண்டாம். இரண்டு மணி நேரம் கவனியுங்கள். உடம்பில் தடிப்போ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், பிள்ளை துவண்டால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.