வெள்ளைக்கல்லும் அரளியும் தனிம அட்டவணையும்

தனிம வரிசை அட்டவணையை முதன்முதலாகப் பார்க்கும் மாணவனுக்கு அது முன்பின் அறியாத ஒரு நாட்டின் வரைபடம் போலவே தோன்றும். பனமரத்துப்பட்டியிலும் அதன் சுற்றூர்களிலும் தமிழ்வழியில் படித்த எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் இருபது தனிமங்களை வரிசை பிறழாமல் ஒப்பித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் இருந்தவற்றுள் பல, எங்கள் மாவட்டத்து மண்ணிலேயே கிடப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வேதியியலின் முதல் பாடம் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற பழைய விவாதம் எழும்போதெல்லாம், எங்கள் நினைவுக்கு வருவது சொல்லப்படாமல் போன அந்தச் செய்திதான்.

முதலில் குறியீடுகள். இரும்பு என்று எழுதிவிட்டு அருகில் 'எஃப்.இ.' என்று போட வேண்டும். சோடியத்துக்கு 'என்.ஏ.'. இரும்புக்கும் அந்த எழுத்துகளுக்கும் என்ன உறவு என்று கேட்கத் துணியாமல், ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும் போலும் என்று எண்ணிக்கொண்டோம். 'பெர்ரம்', 'நேட்ரியம்' என்ற லத்தீன் பெயர்களின் சுருக்கம் அவை என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. அதாவது லண்டனில் படிக்கும் குழந்தைக்கும் அவை அயற்சொற்களே. இந்த ஒரு வாக்கியம் வகுப்பில் சொல்லப்பட்டிருந்தால் எங்களில் பலருடைய கூச்சம் பாதியாவது குறைந்திருக்கும்.

சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகள் உள்ளன. ஆங்கிலேயர் அவற்றைச் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். சாக்குக்கட்டிக் குன்றுகள், அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பொருள். அங்கே வெண்ணரம்புகளாக ஓடுவது சுண்ணாம்பு அன்று, மேக்னசைட். வேதியியல் மொழியில் மெக்னீசியம் கார்பனேட். ஆயினும் பெயர் வைத்தவர்கள் முற்றிலும் தவறிவிடவில்லை. அட்டவணையில் மெக்னீசியத்தின் எண் 12. அதே நெடுவரிசையில் அதற்கு நேர் கீழே இருப்பது கால்சியம், எண் 20. கால்சியம் கார்பனேட்டே சுண்ணாம்புக்கல். ஒரு கட்டம் கீழே தவறினாலும் குடும்பம் சரியாகவே அமைந்துவிட்டது.

அட்டவணையின் நெடுவரிசைகள் பங்காளி வீடுகளைப் போன்றவை. வெளியே உருவம் மாறினாலும் கொடுக்கல் வாங்கலில் ஒரே வழக்கம். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். வெள்ளைக்கல்லைச் சுட்டாலும் அதே வாயு வெளியேறி மெக்னீசியம் ஆக்சைடு எஞ்சும். முன்னதில் 100 பங்கு எடை 56 ஆகக் குறைகிறது. பின்னதில் 84 பங்கு 40 ஆகிறது. இரண்டிலும் போனது 44 பங்கு. ஒரு கார்பன் அணுவின் எடை 12, இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களின் எடை 32, கூட்டினால் 44. சூளையிலிருந்து வெளியே வரும் கல் ஏன் ஏறத்தாழப் பாதி எடையாகிவிடுகிறது என்பதற்கு இக்கணக்கே விடை. அவ்வாறு எஞ்சும் ஆக்சைடு உருகுவதற்கு 2,800 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். ஆகையால்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதைச் செங்கல்லாக்கி அடுக்குகிறார்கள்.

மேற்கே கஞ்சமலை. அதன் பாறையில் இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த மேக்னடைட் தாது இருக்கிறது. மரக்கரியோடு சேர்த்து எரித்தால் கரி அந்த ஆக்ஸிஜனைக் கவர்ந்துகொள்ளும், இரும்பு தனியே நிற்கும். இவ்வட்டாரத்தின் பழைய இரும்புருக்காளர்களின் தொழில் இந்த ஒரே வினையின்மேல்தான் நின்றது. அதே மலை சித்தர்களின் பெயரோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. சித்தர் என்றதும் ரசவாதப் பேச்சும் தொடர்ந்து வரும். இரும்பைப் பொன்னாக்க இயலுமா என்ற கேள்விக்கு அட்டவணை தரும் விடை சுருக்கமானது. இரும்பணுவின் கருவில் 26 புரோட்டான்கள், பொன்னணுவின் கருவில் 79. அடுப்பும் மூலிகையும் அணுவின் வெளிப்புறத்து எலக்ட்ரான்களை மட்டுமே தொட முடியும்; கருவை எட்ட மாட்டா. இதற்கு மேல் அணு எண்ணுக்கு வேறு விளக்கம் தேவையா?

இந்த ஒழுங்கை 1869 இல் மெண்டலீவ் கண்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. இன்று 118. அவர் செய்த பெருங்காரியம் தெரிந்தவற்றை அடுக்கியது மட்டுமன்று. தெரியாதவற்றுக்கு இடம் விட்டதும்தான். அலுமினியத்துக்குக் கீழே ஒரு வெற்றிடம் விட்டு, அங்கே வரவேண்டியதற்கு 'ஏக அலுமினியம்' என்று பெயரிட்டார். ருஷ்யர் ஒருவர் எடுத்தாண்ட அந்த 'ஏக' வடமொழியின் ஒன்று. நம் பேச்சிலும் ஏகமாகப் புழங்கும் சொல். 1875 இல் அந்த இடத்துக்குரிய காலியம் பிரான்சில் கண்டறியப்பட்டது.

அதே 1875 இல்தான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீனின் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. நாற்பத்தோராண்டு கழித்து, 1916 இல், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். மறு ஆண்டு அவர் சேலம் நகராட்சித் தலைவரானார். அந்நகருக்குக் குடிநீர் தருவதற்காக 1911 இல் உருவாக்கப்பட்டது எங்கள் பனமரத்துப்பட்டி ஏரி. பின்னாளில் வேதியியலின் தொடக்கப் பாடங்களைத் தமிழில் எழுதி, அந்நூலுக்குத் 'தமிழில் முடியுமா?' என்று கேள்வியையே தலைப்பாக வைத்தார். அவருடைய 'திண்ணை ரசாயனம்' என்ற தலைப்பு இன்னும் அழகானது. திண்ணையில் அமர்ந்து பேசக்கூடிய விஷயம் இது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

முடியும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. அதன்பிறகு எந்தச் சொல் என்ற சண்டை தொடங்கியது. பிராணவாயு, உயிர்வளி, ஆக்ஸிஜன், ஈழத்தில் ஒட்சிசன் என்று ஒரே வாயுவுக்கு நான்கு பெயர்கள் உண்டு. எங்களுக்கு எந்தப் பெயரிலும் வெறுப்பில்லை. குறியீடு உலகத்துக்கே பொது. பெயர் எதுவானாலும் பழகிவிடும். விளக்கம் மட்டும் மாணவன் சிந்திக்கும் மொழியில் இருந்தாக வேண்டும்.

இதைச் சொல்லக் காரணமானவன் ஒருவன் எங்களுள் உண்டு. பள்ளியில் வேதியியலில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. கல்லூரி முதலாண்டில் 'வேலன்சி' என்றால் என்ன என்று அவனைக் கேட்டார்கள். 'இணைதிறன்' என்று அவனுக்குத் தெரிந்திருந்த சொல்லுக்கு அங்கே செலாவணி இல்லை. நின்றுகொண்டே இருந்தான். அடுத்தடுத்த நாட்களிலும் அவ்வாறே நிற்க நேர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் படிப்பை விட்டுவிட்டு நாமக்கல் பக்கம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் சேர்ந்தான். அந்நாளில் அங்கே கார்பைடு கல்லில் நீரைச் சொட்டவிட்டு வெல்டிங் வாயு எடுப்பார்கள். கால்சியம் கார்பைடும் நீரும் சேர்ந்து அசிட்டிலின் வாயுவாகும். எஞ்சும் வெள்ளைச் சேறு நீற்றிய சுண்ணாம்பு. அந்தச் சமன்பாட்டைப் பட்டறையின் தகரக் கதவில் சாக்குக்கட்டியால் பிழையின்றி எழுதிக் காட்டியவன் அவன்தான். அவனை இழந்தது வேதியியல்தான் என்று இன்றும் நாங்கள் நினைக்கிறோம்.

இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலவழியில் படிக்கிறார்கள். 'வேலன்சி' அவர்களுக்குச் சரளமாக வருகிறது. ஆனால் வெள்ளைக்கல் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். நாங்கள் சொல்லை இழந்து நின்றோம். அவர்களுக்குச் சொல் கிடைத்துவிட்டது, பொருள் இன்னும் தூரத்தில் நிற்கிறது.

ஆகவே அவர்களுக்கு மூலக்கூறு என்பதை அரளித் தோட்டத்தில் வைத்தே சொல்லத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் அரளி மிகுதி. மொட்டுப் பறித்த கையை வாயில் வைக்காதே என்பது இங்கே சிறுவயதிலேயே சொல்லப்படும் எச்சரிக்கை. அதன் நஞ்சுகளில் முதன்மையான ஒலியாண்ட்ரினின் ஒரு மூலக்கூறில் 32 கார்பன், 48 ஹைட்ரஜன், 9 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. கரும்புச் சர்க்கரையின் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்ஸிஜன் அணுக்கள். இரண்டிலும் அதே மூன்று தனிமங்கள்தாம். நான்காவது எதுவும் இல்லை. எண்ணிக்கையும் கோத்திருக்கும் முறையும் மாறியதில் ஒன்று இனிக்கிறது, மற்றொன்று இதயத்தை நிறுத்துகிறது.

இதைக் கேட்ட ஒரு சிறுமி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படீன்னா எழுத்து மாதிரியா?" என்றாள். அதே எழுத்துகளால்தானே வாழ்த்தும் வசையும் எழுதுகிறோம் என்பது அவள் கருத்து. எங்களில் எவருக்கும் அந்த உவமை தோன்றியிருக்கவில்லை. தமிழில் முடியுமா என்ற கேள்விக்கு இனி நாங்கள் தனியாக விடை தேட வேண்டியதில்லை.