யந்திரத்தின் மூச்சு

தேயிலைத் தோட்டத்திலே மோட்டார் சைக்கிளின் ஓசைக்கு ஒரு தனி அர்த்தம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், தூரத்தே ஒற்றைச் சிலிண்டரின் தடதடப்புக் கேட்டதும், பாதையில் செல்லும் தொழிலாளி குடையை மடக்கிக்கொண்டு ஓரம் ஒதுங்குவானாம். அந்த ஓசையைப் பிழையின்றி வைத்திருந்தவன் யார் என்று எவரும் கேட்டதில்லை.

ஹட்டனுக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருந்த எமது தகப்பனார், எழுபதுகளின் இறுதியில், கொழும்பிலிருந்து பழைய பி.எஸ்.ஏ. எம்-20 வண்டி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்துக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட 500 சி.சி. வண்டி அது. மலை ஏறிய நாளிலிருந்து கறுப்புப் புகை கக்கிற்று, ஏற்றத்தில் திணறிற்று. லயத்திலிருந்த ஒரு பெரியவரை அழைத்துவர நாம் அனுப்பப்பட்டோம். கொழுந்து ஸ்டோரில் யந்திரங்களுக்கு எண்ணெயிட்டு உழைத்தவர் அவர். துரையின் வண்டியைத் துடைத்துத் துடைத்தே அதன் உள்ளுறுப்புகளை அறிந்தவர்.

"தம்பி, இது கீழ்நாட்டுக் காத்துக்கு முடுக்கின வண்டி" என்றார்.

எத்துணை உண்மையான வார்த்தை! ஒரு பங்கு பெற்றோல் நன்கு எரிய, எடையில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். 1,200 மீற்றருக்கு மேலுள்ள ஹட்டனில் காற்றழுத்தம் கடலோரத்தை விட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவிலோ ஐந்தில் ஒரு பங்கு. காற்று ஐதாகியும் பெற்றோல் பழைய அளவிலேயே பாய்ந்தால் யந்திரம் திணறாமல் என்ன செய்யும்?

அவர் பெரிய ஜெட்டைக் கழற்றிவிட்டுச் சற்றுச் சிறிய துளையுள்ள ஒன்றைப் பூட்டினார். ஊசியை ஒரு படி இறக்கினார். பின்னர் யந்திரத்தைச் சூடேற்றி, காற்றுத் திருகை மெல்ல மெல்ல வெளியே திருப்பினார். கார்புரேட்டர் ஒருமுறை தும்மிற்று. உடனே சிறிது உள்ளே திருப்பினார். நடை ஒழுங்காகி வேகம் கூடியதும், வேகத்தைத் தாங்கும் திருகைத் தளர்த்தினார்; மீண்டும் காற்றுத் திருகு. கண்கள் மூடியிருந்தன, செவி மட்டுமே வேலை செய்தது. வண்டியை ஏற்றத்தில் ஓட்டிவந்த தகப்பனார் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி மறைந்து, தேத்தண்ணி நிறம் படிந்திருந்தது.

"நீங்களும் ஒருமுறை ஓட்டிப் பாருங்களேன்" என்றோம். அவர் சிரித்தார். எத்தனையோ வண்டிகளுக்கு மூச்சுக் கொடுத்தவர், ஒன்றையேனும் வீதியில் ஓட்டியதில்லை! துரையின் வண்டியில் தொழிலாளி ஏறலாகாது. பின்னாளிலோ, அனுமதிப்பத்திரத்துக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குக் குடியுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அவருக்கு மறுத்திருந்தது. 1964ஆம் ஆண்டில் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டபோதும் அவர் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஐதான காற்றில் யந்திரம் திணறினால் ஜெட்டை மாற்ற வேண்டுமென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்த மனிதன் திணறியபோது, சட்டத்தை மாற்ற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், குடியுரிமைப் பத்திரத்தைப் பொலித்தீன் உறையிலிட்டு எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். கிக்கரை உதைக்கும் வலிமை அப்போது அவர் கால்களில் இல்லை. அந்தப் பழைய வண்டியிலேயே அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் புறப்பட்டோம். ஏற்றம் தொடங்கியதும் எமது தோளைத் தட்டினார்:

"தம்பி, மூச்சு முட்டுது. ஊசிய இன்னும் ஒரு படி இறக்கணும்."